மனநல ஆலோசனைக்குப் போகிறேன். இன்னும் பயிற்சியில் இருக்கும் என் ஆலோசகர் பேச்சோடு ஓவியமும் வரையச் சொல்கிறார். வரையவே தெரியாத எனக்கு அது எதற்கு?

வரையத் தெரியாதது தடையே இல்லை. அங்கே யாரும் மதிப்பெண் போடுவதில்லை. பேச்சோடு கலையைச் சேர்க்கும் இந்தக் கலவைக்கு வழி வகுத்தவர்களில் ஒருவர் நடாலி ரோஜர்ஸ், உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் மகள். 1984-இல் கலிபோர்னியாவில் இதற்கென்றே பயிற்சி நிலையம் தொடங்கினார். அவருடைய முறையில் முதலில் உடலை அசைப்பது, அந்தச் சூட்டோடு வண்ணம் தீட்டுவது, பிறகு மனம்போனபடி எழுதுவது, அப்புறம் பேச்சு. தாளின் ஒரு மூலையில் மட்டும் கறுப்பை அழுத்தித் தேய்த்திருந்தால், நல்ல ஆலோசகர் "இது கோபம்" என்று ஜோசியம் சொல்ல மாட்டார். "இந்த மூலையைப் பற்றிச் சொல்லுங்களேன்" என்பார். பொருள் சொல்லும் உரிமை உங்களுடையது. பயிற்சியில் இருப்பவருக்கு மேற்பார்வையாளர், அதாவது அவரை வழிநடத்தும் அனுபவசாலி, இருக்க வேண்டும். படங்களை அவரிடம் காட்டுவார்களா, யார் பத்திரப்படுத்துவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பிடிக்காவிட்டால், பேசினால் போதும் என்று சொல்லிவிடலாம்.