முதலாளி இல்லாத அணி

அன்புள்ள ஐயா,

முதலாளி இல்லாமல் பங்குதாரர்களுக்குச் சொந்தமான அமெரிக்கக் கால்பந்து அணி கிரீன் பே பேக்கர்ஸை ‘ஊரே சொந்தம் கொண்டாடும் அணி’ என்று முன்பு புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்தப் புகழ்ச்சி கசக்கிறது. 1992இலிருந்து 2022 வரை பிரெட் ஃபார்வ், ஆரன் ராஜர்ஸ் என்று ஒருவர் மாற்றி ஒருவராக இரண்டு மேதைகள் குவாட்டர்பேக்காக (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவராக) இருந்தும் கிடைத்தது இரண்டே சூப்பர் பௌல் பட்டம். முதலாளி என்று ஒருவர் இருந்திருந்தால் காசை வாரி இறைத்து இன்னும் மூன்றாவது வாங்கியிருப்பார். இங்கே கேட்க ஆளில்லை. கஞ்சத்தனம்.

2020 டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில்) ராஜர்ஸுக்கு ஒரு ரிசீவர், அதாவது எறிந்த பந்தைப் பிடிப்பவர், வாங்கித் தராமல் இன்னொரு குவாட்டர்பேக்கான ஜோர்டன் லவ்வை எடுத்தார்கள். அந்த சீசனின் அரையிறுதியில் டாம்பா பேயிடம் தோற்றார்கள். பிறகு ராஜர்ஸை அனுப்பிவிட்டு, ஆடாத ஆளுக்காக நான்கு கோடி டாலரைக் கணக்கில் சுமந்தார்கள். இப்போது டல்லஸ் அணியிலிருந்து தடுப்பாட்டக்காரர் மைக்கா பார்சன்ஸை வாங்கியிருக்கிறார்கள். இப்போதாவது புத்தி வந்ததா? கடைசியாக ஒன்று: இந்த அணியின் பங்கு வாங்குவதில் ஏதாவது பொருள் உண்டா?

எஸ்., மில்வாக்கி
செப்டம்பர் 2025

*

அன்புள்ள எஸ்.,

கோபம் நியாயமானது. ஆனால் அதைத் தவறான வீட்டுக் கதவில் தட்டுகிறீர்கள். காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம்.

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் 32 அணிகளுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு; ஓர் ஆண்டில் ஆட்டக்காரர்களின் மொத்தச் சம்பளக் கணக்கு அதைத் தாண்டக் கூடாது. 2023இல் 22.48 கோடி டாலர், 2024இல் 25.54 கோடி, 2025இல் 27.92 கோடி. தொலைக்காட்சி முதலான தேசிய வருமானத்தை லீக் எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறது. தன் வரவு செலவை ஆண்டுதோறும் ஊரறிய வெளியிடும் ஒரே அணி பேக்கர்ஸ்தான் என்பதால் அந்தப் பங்கு எவ்வளவு என்பது நமக்குத் தெரிகிறது: 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 43.26 கோடி டாலர். அணியின் சொந்த லாம்போ மைதானத்தில் ஒரு டிக்கெட் கிழிபடும் முன்பே, ஒரு பீர் ஊற்றப்படும் முன்பே ஆட்டக்காரர்களின் மொத்தச் சம்பளமும் வந்து விழுந்துவிடுகிறது. சேமிப்பு நிதி 50 கோடி டாலருக்கு மேல். ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர் நியூயார்க்கோடு மல்லுக்கட்ட முடிவது இந்த ஏற்பாட்டால்தான்.

முதலாளியின் கைக்காசு உதவும் இடம் ஒன்று உண்டு. கையெழுத்து போனஸ். ரொக்கமாக உடனே தர வேண்டும். கணக்கில் மட்டும் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதிக்கொள்ளலாம். 2024 ஜூலையில் லவ்வுக்கு 22 கோடி டாலர் நீட்டிப்பு கொடுத்தபோது அதில் 7.5 கோடி போனஸ். பழைய ஒப்பந்தத்தில் மீதமிருந்த ஓராண்டையும் சேர்த்து ஐந்தால் வகுத்தால், ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி உச்சவரம்பில் ஏறும். இரண்டு சீசன் முடிந்து அவரை விலக்கினால், எழுதாமல் மிச்சமிருக்கும் நாலரைக் கோடி மொத்தமாகக் கணக்கில் வந்து இறங்கும். ஜூன் 1க்குப் பிறகு விலக்கினால் இரண்டு ஆண்டாகப் பிரித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் சலுகை. இதைத்தான் ‘டெட் மனி’ என்கிறார்கள். செத்த காசு.

ராஜர்ஸுக்காக 2023இல் விழுந்த செத்த காசு 4.03 கோடி, அந்த ஆண்டு உச்சவரம்பில் ஏறக்குறைய 18 சதவீதம். நீங்கள் இதை வீண்செலவு என்கிறீர்கள். அது பழைய கடன். கொரோனாவில் மைதானங்கள் காலியாகக் கிடந்ததால், 2020இல் 19.82 கோடியாக இருந்த உச்சவரம்பு 2021இல் 18.25 கோடியாக இறங்கியது. அரையிறுதி வரை போன அணியைக் கலைக்க மனமில்லாமல், சம்பளங்களை போனஸாக மாற்றி, பில்லை வருங்காலத்துக்குத் தள்ளினார்கள். 2022 மார்ச்சில் ராஜர்ஸுக்கே மூன்று ஆண்டுக்கு 15 கோடி என்று புது ஒப்பந்தம் போட்டார்கள். கஞ்சன் கடன் வாங்கிச் செலவு செய்வானா?

கஞ்சத்தனம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. 2005 முதல் 2017 வரை பொது மேலாளராக இருந்த டெட் தாம்சன் வெளிச்சந்தையில் ஆள் வாங்குவதை அறவே வெறுத்தார். அது ஒரு மனிதரின் கொள்கை. இதே முதலாளியில்லா அமைப்பில்தான் 1993இல் ரான் உல்ஃப், ரெஜி வைட்டை 1.7 கோடி டாலருக்குக் கொண்டுவந்தார். தாம்சனுக்குப் பின் வந்த பிரையன் குட்டகன்ஸ்ட் 2019 மார்ச்சில் ஒரே வாரத்தில் நான்கு பேரை வாங்கினார்.

ரிசீவர் விஷயம். 2020இல் பேக்கர்ஸ் 30ஆம் இடத்திலிருந்து 26க்கு ஏறி லவ்வை எடுத்தார்கள். ஜஸ்டின் ஜெஃபர்சன் 22இலேயே போய்விட்டார். பிராண்டன் ஐயுக் 25இல், ஒரே ஒரு இடம் முன்னால், சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். எடுத்திருக்கக்கூடியவர் என்றால் 33இல் போன டீ ஹிக்கின்ஸ். நல்ல ரிசீவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் இல்லாமலே அந்த சீசனில் பேக்கர்ஸ் 509 புள்ளிகள் எடுத்து லீக்கில் முதலிடத்தில் நின்றது. ராஜர்ஸ் எறிந்தது 48 டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் எல்லைக்குள் சேர்ப்பது, ஆறு புள்ளி), எதிராளி கையில் சிக்கிய இன்டர்செப்ஷன் 5 மட்டும். இந்தத் தாக்குதலுக்குக் கூடுதலாக ஒரு ரிசீவர் என்பது நிறைந்த குடத்தில் இன்னொரு செம்பு.

டாம்பா பேயிடம் தோற்ற 2021 ஜனவரி 24 அன்று நடந்ததைக் கொஞ்சம் மெதுவாகப் பார்க்கலாம். குவாட்டர்பேக்கின் இடப்பக்கத்தைக் காக்கும் லெஃப்ட் டாக்கிள் டேவிட் பக்தியாரிக்குப் பயிற்சியில் முழங்கால் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. பில்லி டர்னரை இடப்பக்கம் நகர்த்தினார்கள். வலப்பக்கம் ரிக் வாக்னர். இரண்டு முனையும் ஒட்டுப்போட்டவை. ராஜர்ஸ் ஐந்து முறை சாக் ஆனார், அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார். ஷகீல் பாரெட் மூன்று, ஜேசன் பியர்-பால் இரண்டு, ஐந்துமே விளிம்பிலிருந்து பாய்பவர்களின் வேலை. முதல் பாதி முடிய எட்டு நொடி இருக்கையில் 39 யார்டு பாஸ் ஒன்றில் டச்டவுன் விட்டார்கள். அந்த நேரத்தில் எதிரணி ரிசீவரைக் காவல் காக்கும் கார்னர்பேக் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆளைத் தனக்குப் பின்னால் விடாமல் இருப்பது. கெவின் கிங் பின்னால் விட்டார். மறுபாதி தொடங்கியதும் ஆரன் ஜோன்ஸ் பந்தைக் கைவிட, டாம்பாவுக்கு அடுத்த முயற்சியிலேயே இன்னொரு டச்டவுன். 28–10. அதன் பிறகு டாம்பாவின் குவாட்டர்பேக் டாம் பிரேடி மூன்று முறை பந்தை எதிராளி கையில் கொடுத்தும், அந்த மூன்றில் ஒன்றிலிருந்து மட்டுமே பேக்கர்ஸ் புள்ளி எடுத்தது.

முடிவு கட்டம். ஸ்கோர் 31–23. எதிரணியின் 8 யார்டு கோட்டில் நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி. இரண்டு நிமிடம் சொச்சம் பாக்கி. பயிற்சியாளர் மாட் லஃப்ளூர் ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே உதைப்பது, மூன்று புள்ளி) அடிக்கச் சொன்னார்: 31–26, இரண்டு நிமிடம் ஐந்து நொடி. அவர் தரப்பு வாதம் முட்டாள்தனமானது அன்று. எட்டுப் புள்ளி பின்னால் என்றால் டச்டவுன் அடித்தும் போதாது. அதன்பின் வரும் இரண்டு புள்ளி முயற்சியும் பலிக்க வேண்டும், அப்போதும் சமன்தான். ஐந்து என்றால் ஒரு டச்டவுன் வெற்றி. கையில் மூன்று டைம்-அவுட், கூடவே இரண்டு நிமிடம் இருக்கையில் தானாக வரும் ‘இரண்டு நிமிட எச்சரிக்கை’ நிறுத்தம். ஆக, கடிகாரத்தை நான்கு முறை நிறுத்தலாம்.

கோளாறு எங்கே என்றால், டச்டவுனுக்கு முயன்று தோற்றிருந்தாலும் அந்த நான்கு நிறுத்தங்களும் கையில் இருந்திருக்கும். தோற்றால் டாம்பா தன் 8 யார்டு கோட்டில் பந்தைப் பெறும். மூன்று முயற்சியில் தடுத்துவிட்டால் அவர்கள் தங்கள் கோல் எல்லைக்குள் நின்று பன்ட் செய்ய (பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்க) வேண்டும், பேக்கர்ஸுக்குப் பந்து மைதானத்தின் நடுவாக்கில் வரும். ஃபீல்டு கோலுக்குப் பின்போ உதைத்த பந்து எல்லை தாண்டினால், அன்றைய விதிப்படி அவர்கள் தொடங்குவது 25இல். மூன்று புள்ளிக்காகப் பதினேழு யார்டு கொடுத்தார்கள்; எப்படியும் பிரேடியைத் தடுத்தே ஆக வேண்டும், எப்படியும் டச்டவுன் அடித்தே ஆக வேண்டும். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரை எட்டு யார்டு தூரத்தில் நிறுத்தி வைத்துவிட்டு எடுத்த முடிவு. மூன்றாவது டவுனில் கிங் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தார், கொடி விழுந்தது, ராஜர்ஸ் கைக்குப் பந்து திரும்பவே இல்லை.

அடுத்த ஆண்டுத் தோல்வியை நீங்கள் சொல்லவில்லை; எனக்கு அதுதான் இன்னும் மோசமாகப் படுகிறது. 2022 ஜனவரி 22, சொந்த ஊர், எதிரே சான் பிரான்சிஸ்கோ. எதிரணியின் தாக்குதல் ஒரு டச்டவுன்கூட அடிக்கவில்லை. முதல் பாதி முடிவில் பேக்கர்ஸின் ஃபீல்டு கோல் தடுக்கப்பட்டது. 10–3 என்று முன்னிலை, ஐந்து நிமிடத்துக்கும் குறைவு, பேக்கர்ஸின் பன்ட் தடுக்கப்பட்டு அப்படியே எதிரணிக்கு டச்டவுன். கடைசி நொடியில் எதிரணியின் ராபி கூல்ட் 45 யார்டிலிருந்து வெற்றி ஃபீல்டு கோலை உதைத்தபோது களத்தில் பேக்கர்ஸ் பத்துப் பேர்தான் நின்றார்கள். பதினோரு பேரை எண்ணி அனுப்ப எவ்வளவு காசு ஆகும்? பந்தை உதைக்கும் கட்டங்களுக்கான ஸ்பெஷல் டீம்ஸ் பிரிவு சீசன் முழுக்க அழுகிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும். சீசன் முடிந்த பிறகுதான் அதன் பயிற்சியாளர் மாறினார்.

முதலாளி இல்லாத குறை இங்கேதான் தெரிகிறது. பணத்துக்குப் பஞ்சமில்லை, அவசரப்படுகிற ஆளுக்குத்தான் பஞ்சம். நாற்பத்தைந்து பேர் வரை கொண்ட இயக்குநர் குழு, ஏழு பேர் நிர்வாகக் குழு, அதில் சம்பளம் வாங்குபவர் தலைவர் மட்டும். 2018க்கு முன் பொது மேலாளரே பயிற்சியாளரை வைப்பார், நீக்குவார். அந்த ஜனவரியில் தலைவர் மார்க் மர்ஃபி அதை மாற்றி, மேலாளர், பயிற்சியாளர், ஒப்பந்தக் கணக்குப் பார்ப்பவர் மூவரும் தனித்தனியே தன்னிடம் வரும்படி வைத்தார். ஆள் எடுப்பவர் ஒருவர், ஆட்டுவிப்பவர் ஒருவர், இருவரில் யார் தவறு என்று தீர்ப்பவர் மூன்றாமவர். 2025 ஜூலையில் மர்ஃபி ஓய்வு பெற்று எட் பாலிசி வந்திருக்கிறார். அவர் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இதுதான் என்பது என் எண்ணம்.

அதற்காக முதலாளிகளை ஏங்கிப் பார்க்க வேண்டாம். டல்லஸில் ஜெர்ரி ஜோன்ஸ் முதலாளி, பொது மேலாளர் இரண்டும் தாமே; 1995 சீசனுக்குப் பிறகு அந்த அணி அரையிறுதியைத் தொட்டதில்லை. கிளீவ்லாண்டில் 2022இல் குவாட்டர்பேக் டெஷான் வாட்சனுக்காக டிராஃப்டின் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்து, 23 கோடி டாலரையும் முழு உத்தரவாதமாக எழுதிக் கொடுத்தார்கள். பேக்கர்ஸ் குழுவில் அப்படி ஒரு தாளை நீட்டியிருந்தால் யாராவது ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படிப்போம் என்றிருப்பார்.

பார்சன்ஸ். நான்கு ஆண்டு, 18.8 கோடி, கையெழுத்திடும்போதே 12 கோடி உத்தரவாதம். குவாட்டர்பேக் அல்லாதவர்களுக்கு போனஸைத் தாண்டி உத்தரவாதம் தராத பழைய வழக்கத்தை உடைத்திருக்கிறார்கள். வயது 26, விளிம்பிலிருந்து பாய்பவர்களில் முதல் வரிசை, விலை சரிதான். எனக்கு உறுத்துவது அவருக்கு ஈடாக டல்லஸுக்குக் கொடுத்த இரண்டு. ஒன்று, கென்னி கிளார்க்கைக் கொடுத்தது. நடுவில் நின்று இரண்டு பேரை இழுத்துப் பிடிக்கும் ஆள் போனால் எதிரணி நேரே நடுவில் ஓடும். ஓட்டம் பலித்துக்கொண்டிருக்கும்வரை பாஸ் போட மாட்டார்கள். பாஸ் போடாதபோது பார்சன்ஸுக்கு வேலையில்லை. இரண்டு, 2026, 2027 முதல் சுற்றுத் தேர்வுகள். முதல் சுற்றில் வருபவருக்கு நான்கு ஆண்டு நிர்ணயித்த குறைந்த சம்பளம், ஐந்தாம் ஆண்டு அணியின் விருப்பம். ஆண்டுக்கு 5.5 கோடி குவாட்டர்பேக்கும் 4.7 கோடி பார்சன்ஸும் இருக்கும் அணிக்கு மலிவான நல்ல ஆட்கள்தான் மூச்சுக்காற்று. அதில் இரண்டு ஆண்டு வரத்து போய்விட்டது. ஆகவே இனி இரண்டாம், மூன்றாம் சுற்றில் டாக்கிளும் கார்னர்பேக்கும் கிடைக்கிறார்களா என்று பாருங்கள்.

பங்கு. நீங்கள் கேட்டாலும் இப்போது வாங்க முடியாது. 1923 தொடங்கி ஆறு முறைதான் விற்றிருக்கிறார்கள். 2011இல் ஒன்று 250 டாலர், 2021இல் 300. ஈவுத்தொகை இல்லை, விலை ஏறாது, பிறருக்கு விற்க முடியாது, குடும்பத்துக்குள் மட்டும் மாற்றித் தரலாம். சீசன் டிக்கெட் வரிசையில் ஓர் அங்குலம்கூட முன்னே நகர மாட்டீர்கள். ஓட்டுரிமை உண்டு, ஆனால் பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். திரட்டும் பணம் மைதானத்துக்குப் போகும், ஆட்டக்காரருக்குப் போகாது. பங்குப் பத்திரத்தைச் சட்டகம் போட்டு மாட்டினால் சுவரில் அழகாக இருக்கும். கோடையில் லாம்போவில் நடக்கும் பங்குதாரர் கூட்டத்துக்கு அனுமதி கிடைக்கும்.