ஏரித்தை வளர்ப்பது வீணா?

நண்பரே, 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7 வீடியோ விளையாட்டில், முதல் வட்டின் (டிஸ்க்) முடிவில் ஏரித் இறந்துவிடுவாள் என்று தெரிந்ததும் அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீக்காதீர்கள்.

அவளை மீட்க வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் அவள் அணிந்திருக்கும் மெட்டீரியா (மந்திரம் தரும் கற்கள்) அனைத்தும் உங்களிடமே திரும்பிவிடும். அதில் சேர்த்த அனுபவம் வீணாகாது. மந்திர வலிமையில் குழுவில் அவளுக்கு நிகரில்லை. பின்வரிசையில் நிறுத்துங்கள்: அவள் மீது விழும் நேரடி அடி பாதியாகும், மந்திரமோ குறையாது. அவளது ‘லிமிட்’ எனும் சிறப்புத் திறன்களில் ஒன்றான ‘ஹீலிங் விண்ட்’ போரிடும் மூவரையும் ஒருசேரக் குணப்படுத்தும். தொடக்கத்தில் என்னைப் பலமுறை காப்பாற்றியது அதுதான். ‘கிரேட் காஸ்பல்’ குழுவையே சிறிது நேரம் அடிபடாமல் காக்கும். ஆனால் அதற்கு முந்தைய ஆறு லிமிட்களையும் கற்றிருக்க வேண்டும்; அந்த உழைப்புக்கு நான் வற்புறுத்த மாட்டேன்.

கதையில் வரும் செட்ரா என்ற பழங்கால இனத்தின் கடைசிப் பெண் அவள். அவளோடு போரிட்டுப் பழகியவருக்குத்தான், பிறகு குழுவில் காலியாகும் அந்த இடம் வலிக்கும்.