ஏழு வயதின் விசுவாசம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு ஏழு வயது. விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் போய்வந்தவள், "நானும் இயேசுவை ஏத்துக்கிட்டேன், எனக்கும் ஞானஸ்நானம் வேணும்" என்கிறாள். பதினொரு வயது மூத்தவன் சமீபத்தில்தான் எடுத்தான். எங்களுடையது முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபை. வளர்ந்தபிறகு அவளே முடிவு செய்யட்டும் என்கிறார் என் கணவர். பிள்ளை கேட்கும்போது தள்ளிப்போடுவது பாவம் என்கிறார் மாமியார். நான் தினமும் படுக்கும்முன் "நிஜமாவே இயேசுவை நம்புறியா?" என்று கேட்கிறேன். ஆமாம் என்கிறாள். சில நாள் அழுகிறாள். ஏன் என்று கேட்டால், "அண்ணனுக்கு மட்டும் அப்பமும் ரசமும் குடுக்குறாங்க" என்கிறாள். ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குத் திருவிருந்தில் தரும் அப்பத்தையும் திராட்சரசத்தையும் சொல்கிறாள். எது சரியான வயது? உறவினர்களுக்காக வீடியோ எடுக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வயதை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் திருச்சபைக்குள் என்றுமே ஒரே கருத்து இருந்ததில்லை. கி.பி. 200 வாக்கில் ஆரம்பகாலத் திருச்சபை எழுத்தாளரான தெர்த்துல்லியன் சிறுபிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடச் சொன்னார். அப்போதே கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அதிலிருந்தே தெரிகிறது. கீழை மரபு (ஆர்த்தடாக்ஸ்) சபைகளில் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானமும் நற்கருணையும் உண்டு. நற்கருணை என்பது உங்கள் மகள் சொல்லும் அந்த அப்பமும் ரசமும்தான். கத்தோலிக்கர்களிடையே பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயது வரை காக்கவைத்த முதல் நற்கருணையை 1910-ல் போப் பத்தாம் பயஸ் ஏழு வயதையொட்டிக் கொண்டுவந்தார். உங்கள் சபைக்கு ஒரு வழக்கம் இருக்கும், போதகரைக் கேளுங்கள்.

கணவர் சொல்வதில் பாதி நியாயம்தான். ஞாயிறுதோறும் ஆராதனைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, வாய் திறந்து கேட்கும்போது மட்டும் "உனக்கு வயசு போதாது" என்றால் அவளுக்கு என்ன விளங்கும்? மாமியாரின் அவசரத்துக்குப் பதில் சொல்லப்போவதில்லை.

என்னால் தாண்டிப்போக முடியாதது உங்கள் இரவுக் கேள்வி. தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். தூங்கப்போகும் பிள்ளையிடம், விளக்கை அணைக்கும் நேரத்தில், அம்மா இப்படிக் கேட்டால் இருப்பது ஒரே பதில்தான். இல்லை என்று சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்? அதையே மறுநாளும் கேட்டால் நிலைமை இன்னும் மோசம். பெரியவர்கள் ஒரு கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்பு என்றுதான் சிறுபிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். விசாரணைகளில் குழந்தைகளிடம் பேசப் பயிற்சி பெறுபவர்கள் கற்பவற்றில் இதுவும் ஒன்று. நேற்றைய "ஆமாம்" உங்களுக்குப் போதவில்லை என்று அவளுக்குத் தோன்றுகிறது. இன்று இன்னும் அழுத்திச் சொல்கிறாள், அழுதும் காட்டுகிறாள். நீங்கள் அதைப் பரிசுத்த ஆவியானவரின் அசைவு என்று எண்ணிக்கொள்ளக்கூடும். இப்படி வளர்ந்த பிள்ளைகளை வாலிபர் முகாம்களில் பார்க்கலாம். ஒவ்வொரு வருடமும் இயேசுவை ஏற்றுக்கொள்ள அழைப்பு விடுத்தவுடன் மேடைக்கு முன்னால் போவார்கள், அதே ஜெபத்தை மறுபடி சொல்வார்கள். போன தடவை சொன்னது உண்மைதானா என்ற சந்தேகம் அவர்களை விடுவதில்லை.

பேசத்தான் வேண்டும் என்றால் பகலில் பேசுங்கள், கை வேலையில் இருக்கும்போது. பெரியவர் ஒருவர் போதும். இருவர் உட்கார்ந்தால் அது விசாரணை. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்வி ஒன்றுகூடக் கூடாது. "ஞானஸ்நானத்துல என்ன நடக்கும்னு நினைக்கிற?" "யார் சொல்லி உனக்கு இது தெரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதுக்குள் பத்து எண்ணும்வரை இடையில் ஒரு சொல்லும் எடுத்துக்கொடுக்காதீர்கள். "இயேசு என் இருதயத்துல வந்துட்டார்" என்பாள். அது ஞாயிறு பள்ளி வாசகம். ஏழு வயதில் அதை நேர்பொருளில்தான் பிடித்துக்கொள்வார்கள். அவ்வளவு பெரியவர் உள்ளே எப்படி இருப்பார் என்று கேட்டாலும் கேட்பாள். சிரிக்காதீர்கள். பாவம் என்றால் என்ன என்று கேட்டால், அண்ணனை அடித்தது, பொய் சொன்னது என்று வரும். அந்த வயதுக்கு அது முழுமையான பதில். "அப்புறம் என்ன செஞ்ச?" என்று மட்டும் கேளுங்கள். மன்னிப்புக் கேட்டது தானாக வெளியே வருகிறதா என்று பாருங்கள். நரகத்தைப் பற்றிய பயம் மட்டுமே வந்தால் தேதி குறிக்காதீர்கள். முதலில் அந்தப் பயத்தை ஆற்றுங்கள்.

உங்கள் கடிதத்தில் அவள் வாயிலிருந்து வந்தவை இரண்டே வாக்கியங்கள். முதலாவது வேதாகமப் பள்ளியில் கற்றது. அப்பமும் ரசமும் பற்றியதுதான் அவளுடைய சொந்த வாக்கியம், அதைத்தான் நீங்கள் புகார்போல எழுதியிருக்கிறீர்கள். குடும்பமே பந்தியில் இருக்கும்போது தட்டு தன்னைத் தாண்டிப் போகிறதே என்று ஒரு பிள்ளை அழுதால், அதைப் பொறாமை என்று ஒதுக்கிவிடுவதா? 1735-ல் அமெரிக்காவின் நார்த்தாம்ப்டனில் ஃபீபி பார்ட்லெட் என்ற நான்கு வயதுச் சிறுமியின் மனமாற்றத்தை அவ்வூர்ப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் விரிவாகப் பதிவு செய்தார். அவளையும் அசைத்தது பதினொரு வயது அண்ணனின் பேச்சுதான். இவளுக்கு ஒன்றும் புரியாது என்று பெற்றோர் அவளிடம் தனியாகப் பேசியதேயில்லை. ஆலயத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த பையனைப் பற்றியே "சாமுவேல் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான்" என்று வேதம் சொல்கிறது. வீட்டார் செய்வதைச் செய்துகொண்டேதான் பிள்ளைகள் விசுவாசத்துக்குள் வருகிறார்கள்.

போதகர் சரி என்றால், அதன்பிறகு கவனம் முழுக்கத் தண்ணீரில் இருக்கட்டும். பெரியவர்களுக்கு இடுப்பளவு நிற்கும் தொட்டி அவளுக்குக் கழுத்துவரை வரும். வழுக்காத படி ஒன்றை உள்ளே போடச் சொல்லுங்கள். தண்ணீர் நெஞ்சுக்குக் கீழே நிற்க வேண்டும். குளிர்ந்த நீர் முகத்தில் பட்டதும் குழந்தை மூச்சை இழுக்கும், தண்ணீர் உள்ளே போகும். எனவே வெதுவெதுப்பாக இருக்கட்டும். பின்னால் சாய்க்கும்போது கால் மேலெழும்பினால் பதறி எதையாவது பிடிக்கப்பார்ப்பாள். முழங்காலை மடக்கச் சொல்லிக்கொடுங்கள். தன் மூக்கைத் தானே பிடித்துக்கொள்ளட்டும், போதகர் ஒரு கையால் அந்த மணிக்கட்டையும் மறு கையால் பிடரியையும் தாங்குவார். முந்தின நாள் அதே போதகரோடு தரையில் ஒத்திகை பாருங்கள். வெள்ளை அங்கி நனைந்தால் உடல் தெரியும், உள்ளே அடர்நிற உடை வேண்டும். தண்ணீரைப் பார்த்து "வேண்டாம்" என்றால் அது தண்ணீருக்கான பயம்தான். அதை அவிசுவாசம் என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோ வேண்டாம். கேமராவைப் பார்த்தால் பிள்ளைகள் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள். உறவினர்களுக்கு முன்கூட்டியே தேதியைச் சொல்லிவைக்கவும் வேண்டாம். முந்தின நாள் இரவு அவள் மனம் மாறினால், போதகருக்கு ஒரு போன் செய்து தள்ளிவைக்க முடிய வேண்டும்.