வண்டி வேகமெடுத்தால் ஹெல்மெட் ஹெட்செட் கேட்கவில்லை

புது ஹெட்செட் வாங்க வேண்டாம். ஹெல்மெட்டுக்குள் ஒட்டியிருக்கும் அதன் ஸ்பீக்கரை இடம் மாற்றி ஒட்டுங்கள். சென்னை தண்டையார்பேட்டை சிக்னலில் தெளிவாகக் கேட்கும் மேப்பின் வழிகாட்டிக் குரல், எண்ணூர் விரைவுச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் காணாமல் போகிறது என்கிறீர்கள். ஒலி குறையவில்லை, காற்றிரைச்சல் அதை மூடிவிடுகிறது.

பெரும்பாலும் ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேராக இல்லாததுதான் காரணம். ஹெல்மெட்டில் இருக்கும் காதுக் குழியின் நடுவில் ஒட்டிவிடுகிறோம். நம் காது அங்கே வருவதில்லை. சற்று விலகினாலும் கூர்மையான ஒலிகள் குறைந்துவிடும், பேச்சு புரிய அவைதான் வேண்டும்.

வண்டியை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்:

1. பாட்டை ஓடவிட்டு, ஹெல்மெட்டின் இரு பக்கமும் உள்ளங்கையால் அழுத்துங்கள். ஒலி கூடினால் இடைவெளி அதிகம். ஸ்பீக்கருக்குப் பின்னால் மெல்லிய ஸ்பாஞ்ச் வையுங்கள். காதைத் தொட்டால் போதும், அழுத்தினால் அரை மணி நேரத்தில் வலிக்கும்.

2. ஹெல்மெட்டை முன்னும் பின்னும் லேசாக அசையுங்கள். அப்போது தெளிவு கூடினால் ஸ்பீக்கரை அந்தப் பக்கம் நகர்த்துங்கள்.

நம் பக்கத்துக் கடற்காற்றிலும் வியர்வையிலும் ஒட்டுப் பட்டை இளகிவிடும். என்னுடையது கோடையில் இரண்டு முறை கீழே சரிந்தது. அதையும் பாருங்கள்.

இடம் போதவில்லை என்று உள்ளே இருக்கும் தெர்மாகோலை மட்டும் சுரண்டிவிடாதீர்கள். விழும்போது தலைக்கு வரும் அடியை வாங்கிக்கொள்வது அதுதான். காதை அடைக்கும் இயர்பட்ஸும் வேண்டாம். அந்தச் சாலையில் பின்னால் வரும் கன்டெய்னர் லாரியின் ஹாரன் உங்களுக்குக் கேட்டாக வேண்டும்.