ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், 34 பிள்ளைகள்

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் துணுக்காய்ப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 7, 8 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வகுப்பில் 34 பேர். பாடசாலைக்கு ஒரு மடிக்கணினியும் ஒரு புரொஜெக்டரும் இருக்கின்றன. பாடவேளை 40 நிமிடம். எல்லாவற்றையும் இணைத்துப் பூட்டி முடிக்கவே 15 நிமிடம் போய்விடுகிறது. பகல் வெளிச்சத்தில் படம் தெரிவதில்லை, இணையமும் நம்பமுடியாது. வீடியோவைப் பிள்ளைகள் ஆசையாகப் பார்க்கிறார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. இவற்றை நாளாந்தப் பாடத்தோடு சேர்ப்பது எப்படி?

பதில்: முதலில் அளவைக் குறையுங்கள், ஆசிரியை. 40 நிமிடத்தில் திரைக்கு 6 முதல் 8 நிமிடம் போதும். கரும்பலகையாலும் கையாலும் காட்ட முடியாததற்கு மட்டும் திரையைப் பாவியுங்கள். வேப்பிலையின் நரம்பைக் காட்ட புரொஜெக்டர் வேண்டாம், மரம் முற்றத்தில் நிற்கிறது. இலைக்குள் இருக்கும் கலத்தைக் காட்டத்தான் அது வேண்டும்.

படம் தெரியாததற்குப் பெரும்பாலும் காரணம் படத்தைப் பெரிதாக விரிப்பது. புரொஜெக்டர் தரும் ஒளி ஒரே அளவுதான். பரப்புக் கூடக்கூட அது ஐதாகிறது. 3000 லூமன் (ஒளியை அளக்கும் அலகு) கருவி 2.4 மீற்றர் அகலம், 1.5 மீற்றர் உயரத்துக்கு விரித்தால் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 830 லூமன் விழும். அதையே 1.6 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரமாகச் சுருக்கினால் 1875. அரைச்சுவரும் கம்பிவலையும் உள்ள வகுப்பறையில் இந்த வித்தியாசம் கண்ணுக்கு உடனே தெரியும். நேர் வெயில் விழாத சுவரைத் தெரிந்து, அதில் வெள்ளை மட் பெயின்ற் ஒரு சதுரம் அடித்துவிடுங்கள். மினுங்கும் வெண்பலகையில் விளக்கின் பிரதிபலிப்புத்தான் தெரியும். கருவியை வைக்கும் மேசைக்கால்கள் நிற்கும் இடத்தை நிலத்தில் பெயின்றால் குறித்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் தூரம் பார்த்துச் சரிசெய்யும் நேரம் அதோடு மிச்சம்.

எழுத்தின் அளவுக்கும் கணக்கு இருக்கிறது. 3 மீற்றர் தூரத்துக்கு 2.5 சென்ரிமீற்றர் உயரம் என்று வையுங்கள். கடைசி வாங்கு 7 மீற்றரில் இருந்தால் சுவரில் எழுத்து 6 சென்ரிமீற்றர் நிற்க வேண்டும். ஒரு மீற்றர் உயரப் படத்தில் எட்டு ஒன்பது வரிக்கு மேல் பிடிக்காது. ஆகவே குறிப்பைத் திரையில் போடாதீர்கள். படத்தைத் திரையிலும் குறிப்பைக் கரும்பலகையிலும் வையுங்கள்.

மின்சாரத்தில் கவனமாக இருங்கள். விளக்கு வகைப் புரொஜெக்டருக்கு 250 முதல் 300 வாற் தேவை. கரண்ட் போனால் சற்று நேரம் மின்சாரம் தரும் யூ.பி.எஸ்.ஸில், சாதாரண 650 வீ.ஏ. வகையின் உள்ளே 12 வோல்ற், 7 ஆம்பியர்-மணிப் பற்றரிதான் இருக்கும். அது கருவியைப் பத்து நிமிடமும் தாங்காது. ஆனாலும் அது வேண்டும். கரண்ட் போனதும் கருவியை முறையாக நிறுத்தி, விசிறி ஓடி விளக்கு ஆற அந்த நேரம் போதும். யூ.பி.எஸ். இல்லாமல் திடீரென நின்றுவிட்டால், கரண்ட் வந்த கையோடு போடாதீர்கள். 15 நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு போட்டால் விளக்கின் ஆயுள் குறையும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் தூசி வடிகட்டியை அடைத்துவிடும், கருவி சூடேறித் தானாக நிற்கும். அந்தக் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றித் தூரிகையால் தட்டுங்கள். சுருளாகச் சுற்றிவைக்கும் நீட்சி வயர் சூடேறாமல் இருக்க, அதை முழுதாக விரித்தே பாவியுங்கள்.

இணையத்தை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம். சிக்னல் உள்ள இடத்தில் தரவிறக்கி, பென்ட்ரைவிலும் மடிக்கணினியிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். வீடியோவின் தெளிவு 720p போதும், வி.எல்.சி. பிளேயரில் முன்னரே ஓடவிட்டுப் பாருங்கள். இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தரவாரியாகத் தமிழ் உள்ளடக்கம் உண்டு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் பீ.டீ.எப். ஆகக் கிடைக்கும், அதிலுள்ள படத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் காட்டலாம். மின்சுற்றுப் பாடத்துக்குக் பரிசோதனையைத் திரையிலேயே செய்துபார்க்கும், கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) செயலிகள் மிக நல்லவை. இலவசமானவை, ஒருமுறை இறக்கினால் இணையமில்லாமல் உலாவியிலேயே ஓடும்.

வீட்டில் பாமினி எழுத்துருவில் தட்டிய பவர்பொயின்ற் பாடசாலைக் கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்பது எங்கும் நடப்பது. அந்த எழுத்துரு அங்கே இல்லை என்பதே காரணம். எந்தக் கணினியிலும் தெரியும் யுனிக்கோட்டில் தட்டுங்கள், பழைய கோப்பு என்றால் வீட்டிலேயே பீ.டீ.எப். ஆக்கிக் கொண்டுவாருங்கள்.

தமிழ்நாட்டு வீடியோக்கள் பல நன்றாக இருக்கும், ஆனால் அங்கே ஆக்சிஜன், ஒளிச்சேர்க்கை என்பார்கள். நம் பாடநூலிலும் பரீட்சைத் தாளிலும் ஒட்சிசன், ஒளித்தொகுப்பு. சத்தத்தை நிறுத்திவிட்டு நீங்களே பேசுங்கள். மாரியில் தகரக் கூரையில் மழை அடிக்கும்போது எப்படியும் ஸ்பீக்கர் கேட்காது.

உங்கள் வசதிக்கு மிகப் பொருத்தமான பயன்பாடு, என் கணிப்பில், நுணுக்குக்காட்டியோடு கைபேசியைச் சேர்ப்பது. ஒரு நுணுக்குக்காட்டியில் 34 பேரும் அரை நிமிடம் பார்த்தாலே 17 நிமிடம் போகும்; பார்த்தது கலமா, காற்றுக் குமிழியா என்று உங்களுக்கும் தெரியாது. பாடத்துக்கு முதல்நாள் இப்படிச் செய்யுங்கள். வெங்காயச் செதிலின் உட்புறத்து மெல்லிய உரியில் அரைச் சென்ரிமீற்றர் சதுரம் எடுத்து, கண்ணாடி வழுக்கியில் (ஸ்லைட்) ஒரு துளி நீரில் சுருக்கமில்லாமல் பரப்பி, ஒரு துளி ஐதான அயடீன் விடுங்கள். மூடும் கண்ணாடித்துண்டைச் சாய்த்து ஒரு விளிம்பிலிருந்து மெதுவாக இறக்குங்கள். தட்டையாகப் போட்டால் குமிழி அடைபடும். நுணுக்குக்காட்டியின் ஆடியை வெளிச்சமான வானத்துப் பக்கம் திருப்புங்கள், ஒருபோதும் சூரியனுக்கு நேரே அல்ல. 4 மடங்குப் பொருள்வில்லையில் தெளிவாக்கியபின் 10க்கு மாறுங்கள்.

கைபேசியின் கமராவைப் பார்வைத்துண்டுக்கு மேல் ஒன்றிரண்டு சென்ரிமீற்றரில் பிடித்தால் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் தெரியும். அது பெரிதாகும்வரை கிட்டக் கொண்டுவந்து, இரண்டு மடங்கு சூம் செய்து, திரையைத் தொட்டுக் குவியத்தை நிறுத்துங்கள். கை நடுங்கினால் மட்டையைச் சுருட்டிக் குழாயாக்கிப் பார்வைத்துண்டில் மாட்டி அதன்மேல் கைபேசியைக் கிடத்துங்கள். குமிழியையும் ஒரு படம் எடுங்கள், கறுப்பு விளிம்பு வட்டமாக வரும். பிறகு ஒளிபுகும் அடிமட்டத்தை 4 மடங்கில் வைத்து, வட்டத்தின் விட்டத்தை மில்லிமீற்றரில் வாசித்து எழுதிக்கொள்ளுங்கள். பல பள்ளி நுணுக்குக்காட்டிகளில் அது ஏறத்தாழ 4.5 வரும், அப்படியென்றால் 10 மடங்கில் 1.8 மில்லிமீற்றர் (4.5 × 4 ÷ 10). கலத்தின் அளவைக் கணிக்க, உரியை 10 மடங்கில் வைத்து, சூம் இல்லாமல், முழு வட்டமும் தெரிய ஒரு படம் தனியாக எடுங்கள்.

வகுப்பில் இரண்டு படங்களையும் பக்கத்துக்குப் பக்கம் போட்டு, எது கலம் என்று கேளுங்கள். உடனே விடை சொல்ல விடாதீர்கள். ஒவ்வொருவரும் கொப்பியில் எழுதட்டும், பிறகு கடதாசி அட்டை தூக்கட்டும். ஏ4 தாளை நான்காக மடித்து ஒவ்வொரு மடிப்பிலும் 1, 2, 3, 4 எழுதினால் அட்டை தயார். சரியான விடை 10 பேருக்குக் குறைவென்றால் நீங்கள் மறுபடி விளக்க வேண்டும். 24க்கு மேலென்றால் அடுத்ததற்குப் போகலாம். இடையில் நின்றால் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதிடவிட்டு மீண்டும் தூக்கச் சொல்லுங்கள். ஹார்வர்ட் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய முறை இது. அடுத்து முழு வட்டப் படத்தைப் போட்டு, வட்டத்தின் குறுக்கே நீளப்பக்கமாக எத்தனை கலம் என்று எண்ணட்டும். ஆறு என்றால் 1.8ஐ ஆறால் பிரிக்க ஒரு கலம் 0.3 மில்லிமீற்றர். இதற்குள் நுணுக்குக்காட்டியைப் பக்கத்து மேசையில் வைத்து நால்வர் நால்வராக அனுப்பலாம். எதைத் தேடுவதென்று அறிந்தே போவார்கள்.

வீடியோ மறந்துபோவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. பிள்ளை ஊகிக்கவும் இல்லை, எழுதவும் இல்லை, படம் மட்டும் ஓடியது. உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள், தொடர்ந்து ஓடும் விளக்கத்தைவிடத் துண்டுதுண்டாக நிறுத்திக் காட்டுவது நன்கு பதியும் என்று காட்டுகின்றன. நான்கு நிமிட வீடியோவை மூன்று இடத்தில் நிறுத்துங்கள்; ஒவ்வொரு நிறுத்தத்திலும் "அடுத்து என்ன நடக்கும்?" என்று எழுதவிட்டுத் தொடருங்கள். நிறுத்தும் நிமிடங்களைப் பாடக்குறிப்பிலேயே குறித்து வையுங்கள். கடைசியில் திரையை அணைத்துவிட்டு, பார்த்ததை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள்.

பூட்டும் வேலையை நான்கு பிள்ளைகளுக்குப் பழக்குங்கள், தரம் 8 பிள்ளைகள் தாராளமாகச் செய்வார்கள். வயரை வாங்குகளின் ஓரமாகவே இழுத்து நாடாவால் ஒட்ட வேண்டும், சுவர்ப் பிளக்கை மட்டும் நீங்களே போடுங்கள்.

பழைய மாணவர் சங்கம் ஏதாவது வாங்கித் தரக் கேட்டால் ஸ்மார்ட் போர்ட் கேட்காதீர்கள். இன்னொரு நுணுக்குக்காட்டி, யூ.பி.எஸ்.ஸுக்கு மாற்றுப் பற்றரி, ஜன்னலுக்குக் கனத்த திரைச்சீலை என்று இந்த ஒழுங்கிலேயே கேளுங்கள்.