காலையில் ‘டிக்’ சத்தம், ஓடும்போது இடப்பக்க இழுப்பு

வணக்கம். காலையில் காரின் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும், ஓடும்போது ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுக்கிறது என்கிறீர்கள். இரண்டும் தனித்தனிக் கோளாறு.

புது பேட்டரிக்குப் பணத்தை எடுத்து வைக்காதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கினால் பேட்டரியோ, அதில் வயர் மாட்டும் முனையான டெர்மினலோதான் காரணம். பழைய வண்டிகளில் பாதி நேரம் டெர்மினலில் பூத்த வெள்ளைத் தூள்தான் குற்றவாளி. கழற்றி, வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, இறுக்கிப் பாருங்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் காரின் உடலோடு இணைக்கும் எர்த் வயரையும் மறக்க வேண்டாம். என் காரில் மெக்கானிக், எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டரையே மாற்றினார். கடைசியில் துருப்பிடித்த எர்த் வயர்! இரவு முழுக்க நின்ற வண்டியில், பேட்டரியில் வைத்த வோல்ட் மீட்டர் 12.6 வோல்ட் அருகே காட்டினால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. வெளிச்சம் மங்காமல் ‘டிக்’ மட்டும் வந்தால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான சோலனாய்டைச் சந்தேகப்படலாம்.

அப்புறம் ஸ்டீயரிங். முதலில் காற்றழுத்தம். சரியாக இருந்தால் முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றி ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான். மாறாவிட்டால், ஓட்டி நிறுத்தியதும் முன்சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். இடப்பக்கம் மட்டும் சூடு அதிகமென்றால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதுவும் இல்லையென்றால்தான் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது; அதற்கு முன், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனையான டை ராட் எண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.