எஸ்.பி.எம். (மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வு) முடித்தபின் கல்லூரிக்குப் போவதால் நெடுங்காலப் பயன் உண்டா?

கிடங்கு வேலையில் உடனே சம்பளம் கிடைக்கும்போது மகள் ஏன் மேலும் படிக்க வேண்டும் என்று பினாங்கிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். முதல் சில ஆண்டுகள் வேலைக்குப் போனவர் கையில்தான் பணம் இருக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால், 1972இல் தொடங்கிய, பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இயந்திரம் இயக்குபவராகச் சேர்பவருக்கும், டிப்ளோமாவோடு தொழில்நுட்பராகவோ பட்டத்தோடு பொறியியலாளராகவோ சேர்பவருக்கும் உள்ள வேறுபாடு, தொடக்கச் சம்பளத்தைவிடப் பின்னர் வரும் பதவி உயர்வுகளிலேயே அதிகம் தெரியும். தானியங்கி இயந்திரங்கள் வரும்போது முதலில் ஆட்டம் காண்பவையும் கீழ்நிலை வேலைகளே.

பணத்தில் அளக்க முடியாத பயனும் உண்டு. மலாய், சீன மாணவர்களோடு ஒரே பணியைப் பகிர்ந்து செய்து, மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிக்கை எழுதி, விரிவுரையாளரிடம் துணிந்து கேள்வி கேட்கும் பழக்கம், தோட்டப்புறத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு (குறிப்பாகப் பெண்களுக்கு) வாழ்நாள் முழுவதும் கைகொடுக்கும் என்பது என் கருத்து.

செலவுதான் தடையென்றால், அரசு பாலிடெக்னிக்குகளில் கட்டணம் குறைவு. 1997இல் நிறுவப்பட்ட பி.டி.பி.டி.என். எனும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனும் உண்டு, ஆனால் அதைத் திருப்பிச் செலுத்தியாக வேண்டும். தனியார் கல்லூரியானால், முன்பணம் கட்டுமுன் அந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.